ஆணி குத்தினதெல்லாம் ஒரு காயமா

பள்ளிக்கூடத்து முகாமில் எந்தப் பக்கமாவது சிரிப்புச் சத்தம் கேட்டால் ரேடியோ அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே பேசாமல் இருந்துவிடுவார். தொழில் முடிவெட்டுவது. கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அவருடைய சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. வழுக்கையைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு காலை நேரத்தில் நிலம் குலுங்கியது. ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் பாதி ஊர் தரைமட்டம். அவர் அப்போதுதான் சலூன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். பக்கத்துத் தெருவில், மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்வீட்டில் குடியிருந்த அவளுடைய தங்கை பிழைக்கவில்லை.

தங்கை என்பது சும்மா பேச்சுக்குத்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, எட்டு வயதில் ஒரு துணிப்பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவள் அவள். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அவளே பிள்ளையாகிப் போனாள். மாமா மாமா என்று ரேடியோவின் காலையே சுற்றிச்சுற்றி வளர்ந்தாள். மாமாவும் கொழுந்தியாளும் சேர்ந்துவிட்டால் வீடு ரெண்டுபடும். ஒருத்தரை ஒருத்தர் வாராமல் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது. இப்போதுதான் கல்யாணமாகி, கூப்பிடு தூரத்தில் குடித்தனம் வைத்திருந்தாள்.

அன்று முழுக்க ரேடியோ வெறுங்கையால் அந்த இடிபாட்டைக் கிளறினார். நகம் பிய்ந்தது. கதவோடு பெயர்ந்து கிடந்த பலகை ஒன்றை மிதித்தபோது, அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி தோண்டினார். தங்கையை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. அவளுடைய கணவர் இன்னும் உள்ளே இருந்தார். அதற்கு மேல் தோண்ட மனிதக் கையால் ஆகாது, கிரேன் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முகாமுக்கு வந்த பிறகுதான் மனைவி அந்தக் காலைப் பார்த்தாள். காயம் என்று சொல்லவே முடியாது. ஒரு கறுப்புப் புள்ளி. ரத்தம்கூட நின்றுபோயிருந்தது. துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அவள் தையல் வேலை செய்கிறவள், முடிச்சு கச்சிதமாக விழுந்தது.

"டாக்டர் கூடாரத்துல எல்லாருக்கும் ஊசி போடுறாங்களாம். நீங்களும் போய் ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க."

"அங்க யாரு நிக்கிறான்னு பாத்தியா? கால் போனவன் நிக்கிறான். மண்டை உடைஞ்சவன் நிக்கிறான். அவன் பின்னாடி போய் நின்னுக்கிட்டு, ஐயா எனக்கு ஆணி குத்திடுச்சுன்னு சொல்லணுமா? ஆணி குத்தினதெல்லாம் ஒரு காயமா? மானம் போயிடும்."

அவளும் விட்டுவிட்டாள். அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? அந்த முகாமில் துக்கத்துக்கே ஒரு வரிசை இருந்தது. கால் போனவர் எதிரில் விரல் போனவர் வாய் திறக்க மாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் இருந்தால் வீடு போனதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். தனக்கு நேர்ந்ததைச் சின்னதாக்கிச் சொல்வதுதான் அங்கே மரியாதை என்று ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே டாக்டர் கூடாரத்தில்தான் ரேடியோ காலை முதல் பொழுது சாயும்வரை நின்றார். தலையில் அடிபட்டவர்களுக்குத் தையல் போட வேண்டுமானால் முதலில் காயத்தைச் சுற்றி முடியை எடுக்க வேண்டும். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, தூக்கமில்லாமல் கண் சிவந்து கிடந்தாள். "இங்க யாருக்காவது முடி எடுக்கத் தெரியுமா?" என்று அவள் கேட்டதும் இவர் சட்டைப் பையிலிருந்த சீப்பைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், ஆள் அங்கேயே நிரந்தரம். காயத்தில் கை படாமல் சிரைப்பார். சிரைத்துக்கொண்டே, "கவலைப்படாதீங்க, இந்த ஸ்டைல்தான் இப்ப பட்டணத்துல ஓடுது" என்பார். வலியில் முனகுகிறவன்கூட ஒரு நொடி சிரித்துவிடுவான். அந்த நொடியில் நர்ஸ் ஊசியைப் போட்டுவிடுவாள். அவர் கண்ணெதிரிலேயே எத்தனையோ பேருக்கு அந்த ஊசி போட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத்தான் அது என்று இவர் நினைத்தார்.

முகாமில் எல்லோருக்கும் பயம் வேறு எங்கோ இருந்தது. இடிபாட்டிலிருந்து வரும் நாற்றத்தைச் சுவாசித்தால் நோய் வரும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. அம்மைத் தடுப்பூசிக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒரு வரிசை. முகாம் அதிகாரி கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டே கத்துவார். நல்ல மனிதர்தான், பேசும்போது மட்டும் தாடை திறக்காது. ரேடியோவுக்கு இது போதாதா? சாயங்காலமானால் அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு, "சிரிக்கறதுக்கு முன்னாடி வாயைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க!" என்பார். ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் அதிகாரியே பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாராம்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

தங்கையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், அவள் வகுப்பறையின் மூலையில் சுருண்டு கிடந்தாள். வெளியே வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. காதைத் தீட்டினாள். ரேடியோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய கதை? தங்கையின் கதை.

"எட்டு வயசுங்க. சலூனுக்கு வந்தா, நாற்காலியில ஏறி உக்காந்தா. மாமா, எனக்கும் ஷேவிங் பண்ணுங்கன்னா. பொம்பளப்பிள்ளைக்கு ஏதும்மா தாடின்னேன். நீங்க பண்ணாததாலதான் வரலைன்னா! என்ன பண்ணச் சொல்றீங்க? மூஞ்சி பூரா நுரையை அப்பி, சீப்போட முதுகால வழிச்சு விட்டேன். கண்ணாடியைப் பாத்துத் தாடையைத் தடவிக்கிட்டு, பரவாயில்லை, நாளைக்கும் வர்றேன்னு கிளம்பிட்டா..."

அவளுக்கும் அந்தக் கதை தெரியும். நுரையோடு வீட்டுக்கு ஓடிவந்த அந்த முகத்தைத் துடைத்துவிட்டவளே அவள்தான். ஆனால் இன்றைக்கா? மண் ஈரம் காயவில்லை, அதற்குள் ஊரைக் கூட்டி வைத்துச் சிரிக்கிறாரா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்கவில்லை. வாயை மூடினாள், மூடியதுதான். அடுத்தடுத்த நாட்களில் தட்டை வைத்தாள், தண்ணீரை வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என்னென்னவோ பேசிப் பார்த்தார். "இந்தாம்மா, சுவரு இடிஞ்சு பாத்திருக்கேன், எழும்பி இப்பதான் பாக்கறேன்" என்றார். அதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. ஒருவேளை அழத் தெரியாத மனிதர் அப்படித்தான் அழுவாரோ என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கோபம் இருக்கிற இடத்தில் அதெல்லாம் தோன்றாது.

இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் காலை ரேடியோ பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து உறிஞ்சிக் குடிப்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் பேசியதாக ஆகிவிடுமே! கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் அவர் பேசுகிற சத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தாடையைத் திறக்காமல், "வாயைத் தெறக்க முடியலப்பா... என்னமோ பண்ணுது..." என்றார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "அதிகாரியை அச்சு அசலா உரிச்சு வச்சிட்டாருப்பா!" என்று ஒருவர் சொன்னது வகுப்பறைவரை கேட்டது. ரேடியோ மறுபடியும் அதையே சொன்னார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை.

அன்று மதியம் கிரேன் வந்து தங்கையின் கணவரை எடுத்தது. அடையாளம் சொல்ல இவளைத்தான் கூப்பிட்டார்கள். சட்டையைப் பார்த்துச் சொன்னாள். அந்தச் சட்டை அவளே தைத்துக் கொடுத்தது. முகாமுக்குத் திரும்பி வந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன, அவரிடம்தான். எத்தனை கோபம் இருந்தால்தான் என்ன, இதைச் சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வகுப்பறைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி.

"என்னங்க," என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. "மாப்பிள்ளையையும் எடுத்துட்டாங்க."

அவர் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடும் திரும்பினார். புருவத்தை உயர்த்தி, பல்லெல்லாம் தெரிய இளித்தார்.

அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "இதுக்குமா? இதுக்குமா சிரிப்பு?" என்று கத்திக்கொண்டே ஓங்கி ஓர் அறை விட்டாள். கல்யாணமான நாள்முதல் கை நீட்டியதில்லை.

கன்னம் அசையவில்லை. பலகையில் அடித்த மாதிரி அவள் கைதான் வலித்தது. அடி விழுந்த பிறகும் இளிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன, அவற்றிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் பயந்துபோய் அவர் கன்னத்தைத் தொட்டாள். சதை கட்டையாக இருந்தது. அந்த நேரத்தில் சமையல் பக்கம் யாரோ ஒரு பெரிய மூடியைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு வில்லாக வளைந்து பெஞ்சிலிருந்து கீழே விழுந்தது.

டாக்டரம்மா ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலிலிருந்த துணியை அவிழ்த்தாள். கறுப்புப் புள்ளி, மேலே தோல் மூடி, பார்த்தால் ஆறிப்போன மாதிரி இருந்தது.

"இவருக்கு ஊசி யாரு போட்டது?" என்றாள். நர்ஸ் இன்னொரு நர்ஸைப் பார்த்தாள். அந்த நர்ஸ் தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பக்கத்துலயே நின்னாரு. எப்பப் பாத்தாலும் என் பக்கத்துலயேதான் நின்னாரு" என்று சொல்லிச்சொல்லி மாய்ந்தாள்.

பிறகு மனைவியைத் தனியாக அழைத்து விவரம் சொன்னாள். மண்ணில் இருக்கிற விஷக்கிருமி. பெரிய காயத்தையெல்லாம் வெட்டிக் கழுவித் திறந்து வைத்தார்கள், ஊசியும் போட்டார்கள். இந்தச் சின்ன ஓட்டை மூடிக்கொண்டு உள்ளேயே வளர்த்துவிட்டது. தசையெல்லாம் இறுகும். முகம் இறுகினால் சிரிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் அது சிரிப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில், பாலம் உடைந்து கிடக்கிறது. அந்தக் கரடுமுரடில் தூக்கிப்போனால் குலுக்கலிலேயே உயிர் போய்விடும். முறிமருந்து மட்டும் அக்கரையிலிருந்து வரவழைக்கலாம். மூச்சு நின்றால் கொடுக்கிற இயந்திரம் இங்கே கிடையாது.

"வெளிச்சம், சத்தம், தொடுறது, இந்த மூணும் ஆகாதும்மா. எது பட்டாலும் இழுத்துடும். நீங்க கூடவே இருங்க. ஆனா பேசக்கூடாது, தொடக்கூடாது."

"அவருக்கு நினைப்பு இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்மா. எல்லாம் தெரியும் அவருக்கு. அதுதான் இந்த நோய்ல கொடுமை."

பள்ளிக்கூடத்தின் கோடியில் நாற்காலிகளையும் வரைபடங்களையும் அடுக்கிவைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே கட்டில் போட்டார்கள். அவள் முகாம் போர்வைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஊசியும் நூலுமாகத் தைத்து, ஜன்னலை அடைத்தாள். அவர் கண்ணின்மேல் ஈரத்துணி போட்டார்கள். பக்கத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நூலைக் கட்டித் தொங்கவிட்டாள், சொட்டு ஓசையில்லாமல் நூல்வழியே இறங்கியது. பிறகு சுவரோரம் உட்கார்ந்தாள்.

அவரிடம் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. கோபமெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும். அடித்தது தெரியாமல் அடித்தது என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தவளுக்கு இப்போது வாய் நிறைய வார்த்தை. அவரோ கையெட்டும் தூரத்தில், எல்லாம் தெரிந்துகொண்டு, அறை வாங்கிய அந்த நினைப்போடு படுத்துக் கிடக்கிறார். புடைத்த கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டு வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். இதைவிடப் பெரிய தண்டனையை அவளுக்கு யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வெளியே இன்னொன்று நடந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. ரேடியோவுக்குச் சத்தம் ஆகாது என்ற செய்தி முகாம் முழுக்கப் பரவியது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சமையல்காரர்கள் பாத்திரத்துக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்க் காதோடு காதாக அறிவிப்பைச் சொன்னார். அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் மைதானத்தின் மறுகோடிக்குப் போனார்கள். தண்ணீர் லாரிக்காரர் வண்டியை ரோட்டு முனையிலேயே நிறுத்தினார். அங்கிருந்து ஆட்கள் குடத்தில் தூக்கி வந்தார்கள். பறிகொடுத்ததை நினைத்து அழ நினைத்தவர்கள் துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். அவரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்த ஆண்கள் அறைக்குக் கொஞ்சம் தள்ளி வெறுந்தரையில் உட்கார்ந்து காவல் காத்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டர் கூடாரத்திலும் ஒரு வரிசை உருவானது. முள் குத்தியவர், தகரம் கீறியவர், விரலில் மரச்சிலாம்பு ஏறியவர் என்று, காயத்தைக் காட்டவே கூச்சப்பட்டுப் பதுங்கியிருந்தவர்களெல்லாம் வந்து நின்றார்கள். வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்தது. எல்லோரும் கிசுகிசுப்பாக ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "இதெல்லாம் ஒரு காயமான்னு விட்டுட்டேன் டாக்டர்."

முறிமருந்து வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த ஆள் அரை மைல் தொலைவிலேயே இஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊசிக்குமேல் ஊசி ஏறியது. ஒன்றிரண்டு நாளில் இழுப்பு கொஞ்சம் குறைந்தது. முன்பெல்லாம் மூச்சுக்கு மூச்சு வளைந்த உடம்பு இப்போது நீண்ட நேரம் சும்மா கிடந்தது. டாக்டரம்மா அறைக்கு வெளியே அவளை அழைத்துவந்து, அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கங்க. இப்படியே இருந்தா நாளைக்குக் காலையில மெதுவா ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. காதுகிட்ட. ரெண்டே வார்த்தை."

இரண்டு வார்த்தை! அவள் மறுபடி சுவரோரம் வந்து உட்கார்ந்து, இருந்த அத்தனை வார்த்தைகளையும் அள்ளிப்போட்டுப் பொறுக்கினாள். மன்னிச்சிருங்க என்று சொன்னால் அவர் அழுதுவிடுவார், அழுதால் இழுத்துவிடும். கோபமில்லை என்றால் நம்ப மாட்டார். கடைசியில் முடிவு செய்தாள். எந்திரிச்சு வந்து அந்த ஷேவிங் கதையைச் சொல்லுங்க, இந்தத் தடவை நானும் சிரிக்கிறேன். இரண்டு வார்த்தைக்கு மேல்தான் ஆகிறது. டாக்டரம்மா கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். நினைத்துப் பார்க்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், நிலம் மறுபடி குலுங்கியது.

பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லாரி பக்கத்தில் போகிற மாதிரி ஓர் அதிர்வு. வேறொரு நாளாக இருந்தால் முகாமே அலறிப்புடைத்துக்கொண்டு ஓடியிருக்கும். அன்று யாரும் கத்தவில்லை. எல்லோரும் எழுந்தார்கள், பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், வெறுங்காலோடு வரிசையாக மைதானத்துக்கு வந்து நின்றார்கள். ஒருத்தி மயங்கிச் சரிந்தாள், அவளையும் ஓசைப்படாமல் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். அத்தனை பேரும் தங்கள் உயிர்ப்பயத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கோடி அறையையே பார்த்தார்கள்.

ஆனால் நாற்காலிகளிடம் யார் சொல்வது? உத்தரம்வரை அடுக்கியிருந்த மர நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன. அவள் பாய்ந்துபோய்க் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். இரண்டு நாற்காலிகள் அவள் முதுகில் விழுந்தன. அவர்மேல் ஒன்றும் விழவில்லை. சத்தம் மட்டும் விழுந்தது.

அவர் உடம்பு வளைந்தது. வளைந்தது திரும்பவில்லை. டாக்டரம்மா வந்து ஊசி போட்டாள், இன்னொன்றும் போட்டாள், மார்பை அழுத்தினாள், வாயில் குழாயை நுழைக்கப் பார்த்தாள். பற்கள் வழிவிடவில்லை. இருட்டில் டாக்டரம்மாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் நிறுத்தினாள். ஜன்னல் போர்வையை ஒரு பக்கம் விலக்கினாள். வெளிச்சம் வந்து கட்டிலில் விழுந்தது, அது பட்டும் அந்த உடம்பு அசையவில்லை.

"இனிமே தொடலாம்மா," என்றாள் டாக்டரம்மா. "பேசலாம்."

அவள் தொட்டாள். கன்னம் இளகியிருந்தது. இளிப்பு போய், களைத்துப்போன ஒரு சாதாரண முகம் வந்திருந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற முகம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு குனிந்தாள். காதருகே வாயைக் கொண்டுபோனாள். பொறுக்கிவைத்த வார்த்தைகளில் முதல் வார்த்தையைச் சொன்னாள், என்னங்க என்றாள். பழக்கதோஷத்தில் அதுகூடச் சத்தமில்லாமல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சீப்பை எடுத்து, வியர்வையில் ஒட்டிக்கிடந்த முடியைச் சீவிவிட்டாள்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது முகாமே மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் லாரிக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் அவளிடம் வந்தார்.

"அக்கா," என்று கிசுகிசுத்தார். "லாரி ரோட்டு முனையிலதான் நிக்குது. பயப்படாதீங்க, இன்னைக்கும் குடத்துலயே தூக்கிட்டு வந்துடுறோம். அண்ணனுக்கு இப்ப தேவலையா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தாய்மார்களைப் பார்த்தாள்.

"உள்ள ஓட்டிட்டு வாங்க தம்பி," என்றாள். பல நாள் அடைத்துக்கிடந்த குரல் கரகரவென்று, எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. "ஹாரன் அடிச்சுக்கிட்டே வாங்க. ஒண்ணும் ஆகாது."

லாரிக்காரர் நகரவில்லை.

"பிள்ளைங்களை விடுங்க, விளையாடட்டும்," என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "பேசுங்க. எல்லாரும் பேசுங்க. இனிமே பேசலாம்."

யாரும் பேசவில்லை. தாய்மார்கள் கையை எடுத்துவிட்டார்கள், அப்போதும் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை.